வாரத்தில் ஒரு மாலை, பிள்ளைக்கு ஒரு நாள்

நம் இல்லங்களிலே பெற்றோர் பிள்ளைகளோடு பேசும் பேச்சு முழுவதையும் ஒரு வாரத்திற்கு எழுதி வைத்துப் பார்ப்போமாயின், அதிற் பெரும்பகுதி ஏவலாகவே இருக்கக் காண்போம். ‘எழும்பு’, ‘குளி’, ‘நேரமாகிறது’, ‘ரியூசனுக்குப் போ’, ‘போனை வை’, ‘சாப்பிட வா’ என்பனவே காலை தொடக்கம் இரவு வரை ஒலிக்கின்றன. எஞ்சியது விசாரணை. கணிதத்துக்கு எத்தனை புள்ளி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்பது அவ்விசாரணையின் சாரம். கிறிஸ்தவ இல்லமாயின் இரவிலே குடும்ப ஜெபமும் உண்டு. ஆனால் அங்கும் பிள்ளை கேட்கிறதேயன்றிப் பேசுகிறதில்லை.

இதன் விளைவு சிறியதன்று. உயர்தரப் பரீட்சை முடிவு வெளியான நாளிலே வீட்டுக்கு வர அஞ்சித் தெருவிலே நிற்கும் பிள்ளை, பாடசாலையிலே தனக்கு நேர்ந்த அவமானத்தை ஒருவருக்கும் சொல்லாமல் உள்ளே புதைத்துக்கொள்ளும் பிள்ளை, கையிலுள்ள சிறு கருவியின் மூலம் அறிமுகமற்ற ஒருவரிடம் தன் துயரையெல்லாம் கொட்டும் பிள்ளை, இவர்களெல்லாம் அன்பற்ற வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பின்னர், ‘எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!’ என்று பெற்றோர் கண்ணீர் விடுகின்றனர். சொல்வதற்கு அந்த வீட்டிலே எந்த நாள், எந்த நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது?

இந்த வினாவுக்குத் தன் இல்லத்திலேயே விடை கண்ட ஒரு தாயின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர் வாழ்ந்தது முந்நூறு ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் லிங்கன் மாகாணத்து எப்வேர்த் என்னும் சிற்றூரில். பெயர் சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லிக்கும், ஆயிரக்கணக்கான ஞானப்பாடல்களை இயற்றிய சாள்ஸ் வெஸ்லிக்கும் அன்னை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மெதடிஸ்த பாடசாலைகளிலே கற்ற பலருக்கு இப்பெயர் கேள்விப்பட்டதாகவே இருக்கும். கேள்விப்படாத ஒன்று உண்டு. இந்த அம்மையார் தம் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கத் தூண்டுதலாயிருந்தது நம் தமிழ் மண்ணிலிருந்து சென்ற ஒரு செய்தியே.

கடனும் தீயும் புகுந்த வீடு

சூசன்னா அம்மையார் 1669-ஆம் ஆண்டு லண்டனிற் பிறந்தவர். அவர் தந்தைக்கு இருபத்தைந்து பிள்ளைகள்; இவரே கடைசி. 1688-இல் சாமுவேல் வெஸ்லி என்பாரை மணந்தார். அவர் குருவானவர், கவிஞர், கல்விமான். ஆயினும் பணத்தைக் கையாளத் தெரியாதவர். இவர்களுக்குப் பத்தொன்பது பிள்ளைகள் பிறந்தன. அவர்களில் ஒன்பது குழந்தைகள் சிசுப் பருவத்திலேயே இறந்தன. மூன்று ஆண்மக்களும் ஏழு பெண்மக்களுமே வளர்ந்து ஆளாயினர்.

1705-ஆம் ஆண்டு கடனைத் தீர்க்க இயலாமையால் கணவர் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். மனைவி தம் மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார், விற்றுக்கொள்ளும்படி. அவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். யோர்க் நகரத்து அத்தியட்சர் சூசன்னாவைக் கண்டு, ‘அம்மா, உமக்கு அப்பமே இல்லாத நாள் இருந்ததுண்டா?’ என்று வினவியபோது அவர் அளித்த விடை, கடன்பட்டுச் சீவிக்கும் எந்த வீட்டுக்கும் விளங்கும். உண்மையாகவே அப்பம் இல்லாது போனதில்லை. ஆனால் உண்பதற்கு முன் அதைத் தேடும் கவலையும், உண்டபின் அதற்கு விலை கொடுக்கும் கவலையும் சேர்ந்து அந்த அப்பத்தையே கசப்பாக்கிவிட்டன என்னும் கருத்துப்படப் பதிலுரைத்தார். சீட்டுக் காசும் அடகுச் சிட்டையும் வட்டிக் கணக்கும் அறிந்த நம் குடும்பத் தலைவியருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

1709-ஆம் ஆண்டு பெப்ரவரி 9-ஆம் நாள் இரவு வீடு தீப்பற்றிக்கொண்டது. ஓலைக்கூரை போன்றதொரு புற்கூரை, நொடியிற் பரவிற்று. பிள்ளைகளை வெளியே கொணர்ந்து எண்ணிப் பார்த்தபோது ஐந்து வயதுச் சிறுவன் ஜோனைக் காணவில்லை. மேல்மாடிச் சன்னலிலே அவன் முகம் தெரிந்தது. ஏணி கொண்டுவர நேரமின்றி ஒருவர் தோளின்மேல் ஒருவர் ஏறி நின்று அவனை இறக்கினர். இறக்கிய கணமே கூரை இடிந்து வீழ்ந்தது. புத்தகங்கள், கையெழுத்துப் பிரதிகள், உடைகள் யாவும் சாம்பலாயின.

வீடு மீண்டும் கட்டி முடியும் வரை பிள்ளைகள் அயல் வீடுகளிலே பிரிந்து வாழ நேர்ந்தது. திரும்பி வந்த பிள்ளைகளைத் தாய் பார்த்தார். பேச்சிலே நாகரிகம் குன்றியிருந்தது. புதிய பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜெப ஒழுங்கு குலைந்திருந்தது. இடப்பெயர்வு என்பது பிள்ளைகளை என்ன செய்யும் என்பதை நாமும் அனுபவத்தால் அறிவோம். முகாமிலும் உறவினர் வீட்டிலும் ஆண்டுக்கணக்காய் இருந்து மீண்ட குடும்பங்கள் கூரையை முதலிற் போட்டன. பிள்ளைகளின் மனத்தை எங்கிருந்து கட்டத் தொடங்குவது என்று தெரியாமல் திகைத்தன. சூசன்னா அம்மையார் ஒழுங்கை மறுபடியும் நிலைநாட்டினார். ஆனால் ஒழுங்கு மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்தது இரண்டு ஆண்டுகளின் பின்னரேயாகும்.

தரங்கம்பாடியிலிருந்து சென்ற செய்தி

1711-ஆம் ஆண்டின் இறுதியில் கணவர் திருச்சபை மன்றக் கூட்டத்துக்காக லண்டனுக்குச் சென்றிருந்தார். அக்காலத்தில் மூத்த மகள் எமிலியா தந்தையின் வாசிப்பறையில் ஒரு சிறு நூலைக் கண்டெடுத்தாள். தென்னிந்தியாவுக்கு டென்மார்க்கு மன்னர் அனுப்பிய இரண்டு மிஷனரிமாரின் கடிதங்களும் வரலாறும் அதில் அடங்கியிருந்தன. அவ்விருவரும் சீகன்பால்கு ஐயரும் புளுச்சோ ஐயரும் ஆவர். 1706-ஆம் ஆண்டு யூலை மாதம் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ்ச் சிறுவரோடு அமர்ந்து மணலிலே எழுத்தெழுதித் தமிழ் கற்ற அந்தச் சீகன்பால்குவேதான்; பின்னர் புதிய ஏற்பாட்டை முதன்முதலாகத் தமிழில் அச்சேற்றியவரும் அவரே.

எப்வேர்த் வீட்டிலே பல நாட்களுக்கு இதைத் தவிர வேறு பேச்சே இல்லாமற் போயிற்று. பின்னர் 1712-ஆம் ஆண்டு பெப்ரவரி 6-ஆம் நாள் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அம்மையார் தம் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தைத் திறந்து சொல்கிறார். தாம் ஆணுமல்ல, குருவுமல்ல. அந்த மனிதரைப்போலக் கடல் கடந்து சென்று ஊழியஞ் செய்யத் தம்மால் இயலாது. எனினும் இப்பொழுது செய்வதிலும் சற்று அதிகம் செய்யலாம் அல்லவா? அவ்வாறாயின் எங்கே தொடங்குவது? தம் பிள்ளைகளிடத்திலேயே தொடங்குவது.

திட்டம் மிகவும் எளியது. ஒவ்வோர் இரவும் தம்மாற் கூடிய அளவு நேரத்தை ஒரு பிள்ளைக்கென ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு தனித்து உரையாடுவது. திங்கள் மேரிக்கு, செவ்வாய் ஹெற்றிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜோனுக்கு, வெள்ளி மார்த்தாவுக்கு, சனி சாள்சுக்கு, ஞாயிறு மூத்தவர்களான எமிலியாவுக்கும் சூக்கிக்கும் சேர்த்து. சாள்சுக்கு அப்பொழுது நான்கு வயது. நான்கு வயதுப் பிள்ளையோடு தனித்துப் பேச என்ன இருக்கிறது என்று நாம் நினைப்போம். அந்தத் தாய் அவ்வாறு நினைக்கவில்லை.

நம் நாட்டிலே நற்செய்தி வந்த வழியைச் சொல்லும்போது அது மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்தது என்றே எப்பொழுதும் சொல்லி வருகின்றோம். இந்தக் கடிதத்தைப் படிப்பவருக்கு வழி இரு திசையிலும் சென்றிருப்பது புலனாகும். தரங்கம்பாடியிலே தமிழர் நடுவில் நிகழ்ந்தது லிங்கன் மாகாணத்துத் தாய் ஒருவரின் மனத்தை அசைத்தது. அவர் மகன் தொடங்கிய இயக்கத்தைச் சேர்ந்தோர் 1814-ஆம் ஆண்டு யூன் 29-ஆம் நாள் காலியில் வந்திறங்கினர். லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்போர் யாழ்ப்பாணத்துக்கும் வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கும் சென்றனர். ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்த பேர்சிவல் ஐயரும் அந்த வழியில் வந்தவரே.

அடுக்களையிலே ஆராதனை

அதே குளிர்காலத்திலே இன்னொன்றும் நிகழ்ந்தது. ஞாயிறு மாலைகளில் அம்மையார் தம் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் ஜெபமும் ஒரு பிரசங்கமும் வாசிப்பது வழக்கம். வேலைக்காரப் பையன் தன் பெற்றோருக்குச் சொன்னான், அவர்கள் வந்தனர், அயலார் வந்தனர். சில வாரங்களில் இருநூறுபேர் வரை கூடினர். இடமின்றித் திரும்பியோரும் உளர். ஆலயத்தை நடத்த விடப்பட்டிருந்த உதவிக் குருவானவருக்கு இது பொறுக்கவில்லை. அவர் லண்டனுக்கு முறையிட்டார். கணவர், இது பெண்ணுக்கு ஏற்ற காரியமன்று, வேறொருவர் வாசிக்கட்டும் என்று எழுதினார். வந்தவர்களில் எழுத்துக் கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்கத்தக்கவர் ஒருவருமில்லை என்று மனைவி விடையெழுதினார். இறுதியாக அவர் எழுதியதன் கருத்து இது: நிறுத்த வேண்டுமாயின் விருப்பம் என்று சொல்ல வேண்டாம், வெளிப்படையான கட்டளையாக அனுப்பும், நாம் இருவரும் ஆண்டவரின் நியாயாசனத்துக்கு முன் நிற்கும் நாளில் இந்த நன்மையைக் கைவிட்ட குற்றம் என்மேற் சாராதிருக்கட்டும். அவ்வாறான கட்டளை வரவில்லை.

பணிவும் துணிவும் ஒரே கடிதத்தில் இருப்பதைக் காண்க. கணவரை அவமதிக்கும் சொல் ஒன்றேனும் அதில் இல்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்பதைத் தெளிவாகச் சுட்டிவிட்டார்.

ஏற்பனவும் ஏற்கலாகாதனவும்

பிள்ளை வளர்ப்புப் பற்றி அம்மையார் கையாண்ட முறைகளை மகன் ஜோன் எழுத்திலே கேட்டார். 1732-ஆம் ஆண்டு யூலையில் தாய் எழுதி அனுப்பிய நீண்ட கடிதம் இன்றும் கிடைக்கின்றது. அதிலுள்ள யாவற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. ஒரு வயதுக் குழந்தையே பிரம்புக்கு அஞ்சி மெல்ல அழப் பழக வேண்டும் என்றும், பிள்ளையின் சுயசித்தத்தை இளமையிலேயே அடக்கிவிட வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கின்றார். அது அக்காலத்து வழக்கம். குழந்தையை அடித்து அச்சுறுத்துவது அதன் மூளை வளர்ச்சியையும் மனத்தையும் கெடுக்கும் என்பது இன்று தெளிவாக அறியப்பட்ட உண்மை. வெஸ்லி குடும்பத்துத் தாய் செய்தாரே என்று எவரும் பிரம்பைத் தேட வேண்டாம்.

ஆனால் அதே கடிதத்தின் பிற்பகுதியிலே சில விதிகள் உண்டு. அவை பொன்னாக மதிக்கத்தக்கவை. தான் செய்த பிழையைத் தானே ஒப்புக்கொண்டு திருந்துவேன் என்று சொல்லும் பிள்ளையைத் தண்டிக்கலாகாது. அஞ்சும் பிள்ளையே பொய் சொல்லும் என்பதை அவர் கண்டிருந்தார். ஒரே பிழைக்காக இருமுறை தண்டித்தலும், தீர்ந்துபோன குற்றத்தைப் பின்னர் எடுத்துக் குத்திக்காட்டுதலும் கூடா. நம் வீடுகளிலே ஐந்தாம் வகுப்பிற் செய்த பிழையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை, அதுவும் விருந்தினர் முன்னிலையிலே, சொல்லிக் காட்டுவது சாதாரணம். மன்னித்தேன் என்று ஆண்டவர் சொன்ன பாவத்தை அவர் மீண்டும் நினைப்பதில்லை என்று ஆலயத்திலே கேட்டுவிட்டு வந்து இதைச் செய்கின்றோம்.

வேறும் உண்டு. பிள்ளை நன்மை செய்ய முயன்று அது சரிவரச் செய்து முடியாது போனாலும், அந்த நோக்கத்தை மதித்து ஏற்றுக்கொண்டு அடுத்த முறை எப்படிச் செய்வது என்று அன்போடு காட்ட வேண்டும். பெற்றோர் கொடுத்த வாக்கை நிறைவேற்றியே தீர வேண்டும். ஒரு பிள்ளையின் பொருளை, அது ஒரு காசு பெறுமதியான குண்டூசியாயினும், உரியவரின் இணக்கமின்றி மற்றவர் தொடலாகாது. இன்னுமொன்று, நன்றாக வாசிக்கக் கற்கும் வரை எந்தப் பெண்பிள்ளையையும் வீட்டு வேலைக்குப் பழக்கலாகாது. தையலும் சமையலுமே பெண்ணுக்குப் போதும் என்று உலகம் சொல்லிய காலத்திலே எழுதப்பட்ட விதி இது.

இவ்வளவு கேட்டபின், இந்தப் பிள்ளைகள் யாவரும் இன்பமாக வாழ்ந்தனர் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். பெண்மக்கள் பலருடைய மணவாழ்வு துயரமாகவே கழிந்தது. செவ்வாய்க்கிழமைக்குரிய ஹெற்றி சிறு வயதிலேயே கிரேக்கம் கற்றவள். கவிதை எழுதும் வல்லமை வாய்ந்தவள். தான் விரும்பிய ஒருவனை நம்பிக் கெட்டாள். அவமானத்தை மறைக்க 1725-இல் அவளுக்குச் சற்றும் பொருந்தாத ஒருவருக்குத் தந்தை அவளை மணமுடித்து வைத்தார். அவள் பலமுறை மன்னிப்புக் கேட்டு எழுதியும் அவர் மனம் இரங்கவில்லை. தாயும் அவ்வேளையில் மகளின் பக்கம் நின்றாரில்லை. 1726-இல் ஜோன் பிழை செய்தோரிடத்துக் காட்ட வேண்டிய அன்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். அது தம்மையே குறித்தது என்று தந்தை மனம் நொந்தார்.

இதை மறைத்துவிட்டு இந்தத் தாயைப் புகழ்வது முறையன்று. பிள்ளை பேசப் பழகிவிட்ட வீட்டிலே, ஒருநாள் அது பெற்றோர் கேட்க விரும்பாத செய்தியையும் கொண்டுவரும். காதல், பரீட்சைத் தோல்வி, படிப்பை விட்டுவிடும் எண்ணம், விசுவாசத்திலே ஐயம் என்று அது எதுவாகவும் இருக்கலாம். அந்த நாளில் தனிமை நேரம் மூடப்பட்டுவிட்டால் முன்னைய மாலைகளெல்லாம் எதற்கு? ஊதாரி மகனின் தந்தை, மகன் தூரத்தில் வரும்போதே ஓடிச் சென்றார் என்று லூக்கா எழுதுகிறார். குடும்ப மானத்தைப் பெரிதாக எண்ணும் நம் சமுதாயத்திலே தந்தை ஓடுவது கடினம்; திண்ணையில் இருந்து கொண்டே ‘வரட்டும்’ என்பதுதான் வழக்கம்.

நம் வீட்டில்

இதைச் செய்ய விரும்பும் குடும்பத்தினருக்குச் சில சொற்கள். எட்டுப் பிள்ளைகளோடு அந்தத் தாயால் இயன்றது, இரண்டு பிள்ளைகளோடு நமக்கு இயலாதது எவ்வாறு? ரியூசன் இல்லாத ஒரு மாலையைத் தேடுங்கள்; இல்லையெனில் ஒரு ரியூசனைக் குறையுங்கள், பிள்ளை அதனால் அழிந்துவிடாது. அரைமணி நேரம் போதும். விறாந்தையிலோ முற்றத்திலோ இருக்கலாம். கடற்கரை அண்மையிலிருந்தால் நடந்துகொண்டே பேசலாம். உபாகமம் ஆறாம் அதிகாரம் வீட்டில் இருக்கையிலும் வழியில் நடக்கையிலும் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறதேயன்றி, அவர்களை எதிரே நிறுத்தி வைத்துப் பேசச் சொல்லவில்லை. கைத்தொலைபேசி இருவரிடத்திலும் இருக்கலாகாது. பெற்றோரின் கைத்தொலைபேசியையே முதலில் அப்பால் வைக்க வேண்டும்.

புள்ளியைப் பற்றி அந்த நேரத்திலே கேட்கலாகாது. இது கடுமையான விதி. ஏனெனில் நாக்கு அதற்கே பழகியிருக்கின்றது. முதல் இரண்டு மூன்று வாரங்களிலே பிள்ளை ஒன்றும் பேசாதிருக்கக்கூடும். சோதனை போலும் என்று ஐயுறும். பேசாதிருந்தாலும் அந்த நேரம் அதற்குரியது, எழுந்து போய்விடாதீர்கள். அங்கு கேட்டதை மறுநாள் பெரியம்மாவிடமும் மாமாவிடமும் தொலைபேசியிற் சொல்லுவீர்களாயின், அடுத்த வாரம் பிள்ளை வாய் திறவாது. உயிருக்கோ உடலுக்கோ தீங்கு தரும் செய்தியாயின் தக்கவரிடம் உதவி நாடல் வேண்டும். அதையும் பிள்ளைக்குச் சொல்லியே செய்தல் வேண்டும். முடிவிலே அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அது சொன்ன காரியத்தையே சொல்லி, இரண்டு வாக்கியத்தில் ஜெபியுங்கள். ஜெபத்தினூடே மறைமுகமாகப் பிள்ளைக்குப் புத்தி சொல்லும் பழக்கம் நம்மிற் சிலருக்கு உண்டு; பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்து விடுகின்றனர்.

தந்தை மத்திய கிழக்கிலோ கனடாவிலோ உழைக்கும் வீடுகள் நம்மிடையே பல. அவர் அழைக்கும்போது தொலைபேசி கைமாறிக் கைமாறி ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் கிடைக்கின்றது. அதற்குப் பதிலாகச் செவ்வாய் மகளுக்கு, வெள்ளி மகனுக்கு என்று அவரும் நாள் குறிக்கலாம். தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாமார் இதைப் பலவிடங்களில் பெயர் வைக்காமலே செய்து வருகின்றனர்; இரவிலே பாயிற் படுத்தபின் அவர்களுக்கும் பேரப்பிள்ளைக்கும் நடக்கும் உரையாடல் வேறென்ன?

வளர்ந்து விட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டியதில்லை. 1732-ஆம் ஆண்டு பெப்ரவரியிலே ஜோன் வெஸ்லிக்கு வயது இருபத்தெட்டு. ஒக்ஸ்போர்ட்டிலே கல்லூரி ஆசான்; பலருக்கு ஞானவழி காட்டுபவர். அவர் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். முன்னர் வியாழக்கிழமை மாலையிலே எனக்கென நீங்கள் ஒதுக்கிய அந்தச் சிறு நேரத்தை இப்பொழுதும் வேறு விதமாக எனக்குத் தரக்கூடுமானால், அது அன்று என் அறிவை உருவாக்கியதுபோல இன்று என் இருதயத்தைத் திருத்தும் என்னும் கருத்துப்பட அதில் வேண்டிக்கொண்டார். தாய்க்கு அப்பொழுது அறுபத்துமூன்று வயது. பத்து ஆண்டுகளின் பின் 1742-ஆம் ஆண்டு யூலையில் அவர் லண்டனிலே, தம் மகனின் பிரசங்க மண்டபத்தோடு சேர்ந்த வீட்டில், இறைவனடி சேர்ந்தார். தம் உயிர் பிரிந்தவுடன் அழாது துதிப்பாடல் ஒன்று பாடும்படி பிள்ளைகளைக் கேட்டிருந்தார். சூழ நின்றோர் அவ்வாறே பாடினர்.